தார் வீதி முடியும் இடத்தில் எமது பணியும் முடிவதோ?

கடந்த மாரிகாலத்தின் ஓர் இரவு. மன்னார்த் தீவின் தென்கரையில், பிரதான வீதியிலிருந்து மணலுக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருந்த மீனவர் வாடி ஒன்றிலிருந்து எமக்குத் தொலைபேசி வந்தது. சிறுபிள்ளை ஒன்றுக்குக் கடுங்காய்ச்சல்; வலிப்பும் வந்துவிட்டது. எம்மிடம் நான்கு சில்லுகளும் இழுக்கின்ற, எம்மவர் ‘ஃபோர் வீல்’ என்று சொல்லுகின்ற வாகனம் இருந்தது. அனுபவமுள்ள சாரதி இருந்தார். தாங்கி நிறைய டீசலும் இருந்தது. சிறிது நேரத்தில் பிள்ளையை மன்னார் வைத்தியசாலையில் சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு புறப்பட்டோம்.

தார் விட்டு இறங்கி முந்நூறு மீற்றர் கூடப் போகவில்லை. பின்சில்லுகள் இரண்டும் அச்சு வரை மணலில் புதைந்தன. மண்வெட்டியால் தோண்டினோம்; பனையோலை வெட்டிச் சில்லுக்கு முன்னால் போட்டோம்; இறங்கி நின்று தள்ளினோம். சில்லு சுற்றச் சுற்ற வாகனம் கீழே இறங்கியதே தவிர முன்னே நகரவில்லை. இறுதியில் பிள்ளையின் தகப்பன், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எமது வாகனத்தைக் கடந்து தார் வீதியை நோக்கி நடந்தார். வீதியில் முச்சக்கர வண்டி ஒன்று கிடைத்தது. பிள்ளை பிழைத்தது இறைவன் செயல். அதில் எமது பங்கு எதுவுமில்லை.

மறுநாட் காலை, கரைவலை இழுக்கும் உழவு இயந்திரம் ஒன்று வந்து எமது வாகனத்தை இழுத்தெடுத்தது. அதனை ஓட்டி வந்த முதியவர் எமது ரயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “சுவாமி, காத்தை அரைவாசிக்கு இறக்கியிருந்தா இது பூனை மாதிரிப் போயிருக்குமே” என்றார்.

“இறக்கலாம் அப்பு. பிறகு ஏத்திறது எங்கை? காத்தடிக்கிற கடை மன்னார் ரவுனிலையெல்லோ” என்றார் எமது சாரதி.

இந்த இரண்டு வசனங்களுக்குள் எமது கிராம அபிவிருத்திப் பணியின் பெருங்குறை ஒன்று அடங்கியிருப்பதாக நாம் எண்ணுகிறோம். அதனை வாசகர்களோடு, சிறப்பாக நிறுவன வாகனங்களில் கிராமங்களுக்குச் சென்று வருவோரோடு, பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீதியோரத்து அபிவிருத்தி

கிராம அபிவிருத்தியைப் பற்றிக் கற்றோர் அறிந்த பெயர் றொபேட் சேம்பர்ஸ். 1983ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், நகரத்திலிருந்து கிராமத்துக்குச் செல்லும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் தொண்டர்களும் உண்மையான வறுமையைக் காணாமலே திரும்பிவிடுவதற்கான காரணங்களை எடுத்துக்காட்டினார். அவற்றுள் முதன்மையானது தார் வீதியின் பக்கமான சாய்வு. வாகனம் எங்கே இலகுவாக ஓடுமோ அங்கேதான் நாம் போகிறோம். வீதியோரத்தில் உள்ளவரைச் சந்திக்கிறோம். வீதியோரத்துக் கிணற்றைத் திருத்துகிறோம். வீதியோரத்துச் சங்கத்துக்குக் கடன் கொடுக்கிறோம். பின்னர் அதுவே கிராமம் என்று அறிக்கை எழுதுகிறோம். சேம்பர்ஸ் காட்டிய மற்றொரு காரணம் கோடைகாலச் சாய்வு. பசியும் நோயும் கூடுகின்ற மாரியில் பாதை கெட்டுவிடுவதால் போகாமல் விட்டு, பாதை காய்ந்த பின்னர் போய், எல்லாம் நலமே என்று எண்ணிக்கொள்கிறோம்.

மன்னாருக்கு இவ்விரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்பது கண்கூடு. 1990இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேதான் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகரகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. வெள்ளை நிற ஜீப்புகளை எமது மக்கள் பெருமளவில் காணத் தொடங்கியதும் அக்காலத்திலேயே. அன்று வீதி என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த பகுதிகளில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள். எங்கும் குழியாகவே இருந்தபடியால், வீதியோரத்து மக்கள், உள்ளூர் மக்கள் என்ற வேறுபாடு அவ்வளவாகத் தெரியவில்லை.

இன்று நிலை வேறு. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் புகையிரதம் தலைமன்னார் வரை மீண்டும் வந்தது. மதவாச்சி வீதியும் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வீதியும் ‘காப்பற்’ வீதிகளாகிவிட்டன. இவற்றுக்காக நாம் மகிழ்கிறோம். எனினும், நல்ல வீதி வந்ததால் வீதிக்கும் வாடிக்கும் இடையிலான தூரம் குறையவில்லை. மாறாக, அது கூடிவிட்டது என்றே சொல்லவேண்டும். மன்னாரிலிருந்து விடத்தல்தீவுக்கோ சிலாவத்துறைக்கோ இன்று விரைவாகப் போய்விடலாம். அவ்வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் மணற்பாதையோ அன்று இருந்தபடியே கிடக்கிறது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் வாடிக் குடும்பங்கள், கரைவலையில் கூலிக்கு இழுப்போர், கருவாடு காயவைக்கும் விதவைகள் எனப் பலர் அப்பாதையின் முடிவிலேதான் இருக்கின்றனர். 2007இல் சொந்த ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2012இல் மலங்காட்டில் கொட்டில் போட்டு வாழ்வைத் தொடங்கிய முள்ளிக்குளத்து மக்களைப் போன்றோர் காட்டுப் பாதையின் முடிவில் இருந்தார்கள்.

அந்த இரவுக்குப் பின்னர் எமது வாகனத்தின் ‘றணிங் சாட்’டை எடுத்துப் பார்த்தோம். கூட்டம், பயிற்சி, வங்கி, கச்சேரி, மீண்டும் கூட்டம். ஓடிய தூரத்தின் பெரும்பகுதி தார் மேலேயே கழிந்திருந்தது. மணலுக்கு என்று வாங்கிய வாகனம் மணலைத் தொட்டது மிகச் சொற்பம். சாரதியைக் கேட்டோம். “புதைஞ்சா ஆர் பாதர் இழுக்கிறது?” என்றார். அவரைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. புதையாமல் போவதற்கு வேண்டிய பொருளை நாம் அவருக்குக் கொடுத்திருக்கவில்லை.

மணலும் காற்றும்

அந்தப் பொருள்தான் காற்று. குதி உயர்ந்த பாதணியோடு கடற்கரையில் நடப்பவரின் கால் புதைகிறது. வெறுங்காலோடு நடப்பவரின் கால் புதைவதில்லை. பாரம் ஒன்றுதான், அதைத் தாங்கும் பரப்பு வேறு. ரயரிலும் இதுவே நடக்கிறது. பாரத்தோடு 2,200 கிலோ நிறையுள்ள வாகனத்தில் ஒவ்வொரு சில்லும் சுமார் 550 கிலோவை, அதாவது ஏறத்தாழ 1,200 இறாத்தலைச் சுமக்கிறது. ரயரில் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்று இருந்தால், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 34 சதுர அங்குலம். காற்றை 17 இறாத்தலுக்கு இறக்கினால் அப்பரப்பு 70 சதுர அங்குலமாகிறது. ரயரின் சுவரும் ஓரளவு பாரத்தைத் தாங்குவதால் இக்கணக்கு மட்டுமட்டானது. ஆனால் உண்மை இதுவே: காற்றைப் பாதியாக்கினால் பாதம் இருமடங்காகிறது. ரயர் நீளவாக்கில் பரந்து, மணலைத் தோண்டாமல் அதன் மேல் ஏறிச் செல்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. ஜோன் பொய்ட் டன்லொப் 1888இல் காற்று ரயரை உருவாக்கியது தன் மகனின் மூன்று சில்லு மிதிவண்டி குலுங்காமல் ஓடுவதற்காக. மணலுக்கு அதன் பயனைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் றால்ப் பக்னோல்ட் என்ற ஆங்கிலேய இராணுவப் பொறியியலாளர். 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் சாதாரண ஃபோர்ட் கார்களின் ரயர்க் காற்றை இறக்கியே லிபியப் பாலைவனத்தின் மணற்குன்றுகளை அவர் கடந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கடலிலும் கரையிலும் ஓடும் ‘டக்’ என்ற அமெரிக்க வாகனத்தில், சாரதி தன் ஆசனத்தில் இருந்தபடியே ரயருக்குக் காற்றை ஏற்றவும் இறக்கவும் வசதி செய்தார்கள். கடற்கரை மணலில் ஏறுவதற்கு அது இன்றியமையாதது என்று கண்டிருந்தார்கள். எமது கரையில் உழவு இயந்திரம் ஓட்டும் முதியவர் எந்த நூலையும் படிக்காமலே இதை அறிந்திருந்தார்.

அப்படியாயின் ஏன் யாரும் காற்றை இறக்குவதில்லை? இறக்குவது இலகு, ஒரு குச்சி போதும். இறக்கிய காற்றோடு தார் வீதியில் ஓடுவதுதான் ஆபத்து. மெலிந்த ரயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிந்து சூடேறும். வேகமாகப் போனால் வெடிக்கும். வளைவில் வாகனம் கட்டுப்பாட்டை இழக்கும். ஆகவே மணலிலிருந்து ஏறியவுடன் காற்றை நிரப்பியே ஆகவேண்டும். காற்றுக் கடை இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால் எந்தச் சாரதி காற்றை இறக்குவார்? நல்ல சாரதிகள் தார் முடியும் இடத்தில் நின்று ஹோன் அடிப்பதற்கு அச்சமோ சோம்பலோ காரணமன்று. காற்றை மீண்டும் ஏற்ற வழியில்லை என்பதே காரணம்.

வாகனத்திலேயே ஒரு கொம்பிறசர்

இதற்குப் பரிகாரம், காற்று அடிக்கும் கொம்பிறசரை வாகனத்திலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடுவதாகும். அளவான ஜீப் ரயர் ஒன்றை 16 இறாத்தலிலிருந்து 32 இறாத்தலுக்கு ஏற்ற, வெளிக்காற்று ஏறத்தாழ 70 லீற்றர் வேண்டும். ஓர் அழுத்தில் அரை லீற்றர் தரும் கைப்பம்பினால் இதைச் செய்வதானால் ஒரு ரயருக்கு 140 முறை, நான்கு ரயருக்கும் 560 முறை அழுத்தவேண்டும். மணலில் களைத்து வந்த மனிதனால் முடிகிற காரியமா இது? சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகும் சிறு யந்திரங்கள் காருக்குப் போதும். ஜீப் ரயர் நான்கையும் நிரப்புமுன் பெரும்பாலும் சூடாகி நின்றுவிடும். நிமிடத்துக்கு 60, 70 லீற்றர் தரும் யந்திரமோ ஒரு ரயரை இரண்டு நிமிடத்தில் நிரப்பும். நான்கும் முடிய, குழாயை மாற்றும் நேரத்தோடு, பத்து நிமிடம் போதும்.

இவ்யந்திரங்கள் இருவகை. ஒன்று, 12 வோல்ற்றுப் பற்றரியில் ஓடும் மின்மோட்டாரும் சிறிய பிஸ்ரனும் கொண்டது. மற்றையது, வாகன இயந்திரத்தின் பெல்ற்றால் சுழலுவது. பழைய லான்ட் றோவர்களில், குளிரூட்டியின் கொம்பிறசரைக் காற்றடிப்பதற்கு மாற்றிப் பூட்டிய கைதேர்ந்த மெக்கானிக்குகள் உண்டு. இரண்டாவது வகை வலுக்கூடியது. ஆனால் காற்றோடு எண்ணெயும் கலந்து வரும், பொருத்துவதும் கடினம். எமது தேவைக்கு மின்மோட்டார் வகையே போதுமானது.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. மோட்டார் அதிக மின்னை இழுப்பதால், தடித்த செப்பு வயரைப் பற்றரியிலிருந்து நேரே கொண்டுவரவேண்டும். பற்றரிக்கு மிக அருகில் தகுந்த பியூஸ் இருக்கவேண்டும். இதை விட்டால் தேய்ந்த வயர் ஒன்று வாகனத்தையே எரித்துவிடலாம். ஆளியைச் சாரதியருகே வைத்து, றிலே ஒன்றின் மூலம் மோட்டாரை இயக்கவேண்டும். காற்றடிக்கும்போது வாகன இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். இன்றேல் பற்றரி இறங்கி, மணலுக்குத் தப்பியவர் பற்றரியிடம் அகப்பட்டுக்கொள்வார். பொனற்றுக்குள் வைப்பதானால் புகைக்குழாயின் சூட்டுக்கு எட்டாத இடத்தைத் தெரியவேண்டும். மாரியில் வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலாக அது இருக்கவேண்டும். துவிச்சக்கர வண்டிப் பம்பு அடிக்க அடிக்கச் சுடுவதை நாம் அறிவோம். இதற்கும் அதே விதிதான். ஆகவே இடைக்கிடை ஓய்வு கொடுக்கவேண்டும்.

எமது கடற்காற்றின் உப்பு எல்லாவற்றையும் தின்னும். துருப்பிடிக்காத ஆணிகளைப் பூட்டி, மின்இணைப்புகளுக்குக் கிறீஸ் பூசி, காற்று உள்ளிழுக்கும் வடியை மாதமொரு முறை மணல் தட்டித் துப்புரவு செய்தால் யந்திரம் நெடுங்காலம் உழைக்கும். காற்றுத் தாங்கி வைத்திருப்பவர்கள் அதன் அடியில் தேங்கும் நீரைத் திறந்துவிடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பத்தக்க காற்றுமானி ஒன்று வேண்டும். கண்ணால் பார்த்து ரயர்க் காற்றை மதிப்பிடுவது தொட்டுப் பார்த்து நோய் சொல்வதைப் போன்றது.

ஆடம்பரம் என்பார்க்கு

“இது அவுஸ்திரேலியாவில் பாலைவனச் சுற்றுலா போவோரின் விளையாட்டுப் பொருளல்லவா? ஏழைகளின் பணத்தில் இது எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. எமது பதிலும் எளிது. ஆடம்பரம் வாகனத்தில் இருக்கலாம், கொம்பிறசரில் இல்லை. பெருந்தொகை கொடுத்து நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தை வாங்கி, அதைத் தார் வீதியிலேயே ஓட்டுவதுதான் ஏழைகளின் பணத்தை வீணாக்குவது. வாகன விலையின் சிறு பகுதியைச் செலவிட்டால் அது வாங்கிய நோக்கத்தை நிறைவேற்றும். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், இருப்பதைப் பேணிப் பயன்படுத்தும் பாடத்தை எல்லோரும் கற்றோம். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றபோது, மணலில் சில்லைச் சுற்றவிட்டு எரிக்கும் ஒவ்வொரு லீற்றரின் பெறுமதியையும் அறிந்தோம்.

“மோட்டார் சைக்கிளில் போகலாமே, உழவு இயந்திரம் இருக்கிறதே” என்போரும் உளர். உண்மையே. ஒருவர் மாத்திரம் போகும் சந்திப்புகளுக்கு மோட்டார் சைக்கிளே நல்லது. நடந்து போவது அதிலும் நல்லது. ஆனால் கர்ப்பிணித் தாயை, காய்ச்சல்காரப் பிள்ளையை, வெள்ளத்துக்குப் பின் அரிசி மூடையை மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. உழவு இயந்திரம் சம்மாட்டியின் சொத்து. தேவைப்படும்போதெல்லாம் ஏழைக் குடும்பம் அவரிடம் கையேந்தி நிற்கவேண்டும் என்பது விடுதலை தரும் அபிவிருத்தியாகாது.

அத்தோடு, காற்று வாகனத்தோடு வந்தால் அது ஊருக்கும் வரும். பள்ளிப் பிள்ளையின் சைக்கிளுக்கும், மீன் வியாபாரியின் மோட்டார் சைக்கிளுக்கும், ‘லான்ட் மாஸ்ர’ருக்கும் காற்றடிக்கலாம். வீதியில் நிற்கும் லொறிச் சாரதியிடம் அதன் பிறேக் தாங்கியிலிருந்து காற்றுக் கேட்டு வாங்குவது எம்மவர் அறிந்த வழக்கமே. அதே உபகாரத்தை வாடிவரை கொண்டு செல்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடும் இளைஞர்கள் எமது கரையில் பலர். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிறசரிலிருந்து ஒருபோதும் சுவாசிக்கக் காற்று எடுக்கக்கூடாது. பிறர் எடுக்க இடமளிக்கவும் கூடாது. அக்காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருக்கலாம். பக்கத்தில் ஓடும் இயந்திரத்தின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் இல்லாமலே கலந்திருக்கலாம். கடலுக்கடியில் அது மனிதனை மயக்கிக் கொன்றுவிடும். சுவாசக் காற்றுக்கு வேறு யந்திரமும் வேறு வடிகளும் உண்டு. ஒன்றை மற்றொன்றாகப் பாவிப்பது மரணத்தோடு விளையாடுவது.

இன்னும் சில. காற்றை 12 இறாத்தலுக்குக் கீழே இறக்கினால் ரயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடலாம். இறக்கிய காற்றோடு மெதுவாகவே போகவேண்டும், சடுதியாகத் திருப்பக்கூடாது. கட்டுக்கரைக்குளத்துப் பக்கத்து வயற்சேற்றுக்கு இது சர்வரோக நிவாரணியன்று. அங்கே சில வேளைகளில் வாகனத்தை விட்டு நடப்பதே புத்தி. மெலிந்த ரயர் நிலத்தை ஆழமாகக் கிழிப்பதில்லை என்பது உண்மை. அதற்காக, 2008இல் சரணாலயமாகிய வங்காலையின் உவர்வெளிகளில் கண்டபடி ஓடலாம் என்று பொருளாகாது. பறவைகளின் இடம் பறவைகளுக்கே.

செய்யவேண்டியவை

நாம் முன்வைப்பவை மூன்று. முதலாவது, இனிமேல் எந்தத் திட்டத்திலாவது ஃபோர் வீல் வாகனம் கேட்கப்படுமாயின், கொம்பிறசரும் காற்றுமானியும் நீண்ட குழாயும் மண்வெட்டியும் அதே வரவுசெலவில் சேரவேண்டும். உதவி வழங்குவோர் வாகனத்தின் பக்கத்தில் நின்று படம் எடுக்க விரும்புவர். சிறு யந்திரத்தைக் கேட்கமாட்டார்கள். நாம்தான் கேட்கவேண்டும். இரண்டாவது, சாரதிகளுக்கு மணலில் ஓட்டும் பயிற்சி வேண்டும். எமது கரையின் உழவு இயந்திரச் சாரதிகளையே இதற்கு ஆசிரியர்களாக அழைக்கலாம். அவர்களுக்கு வேதனமும் கொடுக்கவேண்டும். மூன்றாவது, ‘றணிங் சாட்’டில் ஒரு நிரல் கூட்டவேண்டும்: தார் விட்டு இறங்கி ஓடிய தூரம் எவ்வளவு? மாத முடிவில் பணிப்பாளர் முதலில் பார்க்கவேண்டியது அந்த நிரலையே. அது வெறுமையாக இருந்தால், வாகனத்தில் அல்ல, எம்மிலேதான் பழுது.

கொம்பிறசர் ஒன்றைப் பூட்டியதும் வறுமை நீங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மணற்பாதைகளைத் திருத்தும் பொறுப்பு உரியவர்களுக்கு உண்டு. அதை அவர்களிடம் மக்களோடு சேர்ந்து தொடர்ந்து கேட்கவேண்டும். பாதை வரும்வரை நாம் என்ன செய்தோம் என்பதே எம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

அந்த இரவில், பிள்ளையைத் தோளில் சுமந்த தகப்பன் எமது வாகனத்தைக் கடந்தபோது எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபித்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எம்மிடம் அவர் அதிகம் எதிர்பார்த்திருக்கவில்லை என்பதே எம்மை இன்றும் சுடுகிறது. எமது வாகனத்தில் இப்போது கொம்பிறசர் பூட்டியிருக்கிறது. இனி அந்த வாடிக்குப் போகாமல் விடுவதற்கு எமக்குச் சாட்டு எதுவும் இல்லை.